குரோமியத்துக்கு ஆறு விரல்

கானத்தூர் ரெட்டிக்குப்பம்
12 ஜூலை 2025

மெஹ்னாஸ்,

நன்றியை முதலில் எழுதிவிடுகிறேன். சண்டை அதற்குப் பிறகு. வரிசை மாறினால் நன்றி வராமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நாகல்கேணியில் தோல் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது என்று உன் உம்மா பரிதாம்மா தன் கையுறை யூனிட்டில் விசாரித்து வந்து சொன்னதற்கு நன்றி. காது கேட்காத பெண் என்று தெரிந்தும் அவர்கள் கூப்பிட்டபோது, என்னைவிட நீ அதிகமாகக் குதித்ததற்கு நன்றி. நூலகத்தில் லீவு போட்டுவிட்டு வந்து எனக்காகக் கேட்கவும் பேசவும் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு. நேர்காணலில் காந்திமதி மேடம் தலையைக் குனிந்துகொண்டு பேசியபோது என்னால் உதட்டைப் படிக்க முடியவில்லை. அவ்வளவையும் ஒன்று விடாமல் உன் கையில் கொண்டுவந்தாய். அதற்கு.

இப்போது சண்டை.

மேடம் குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பைக் கேட்டார். தோலைப் பதப்படுத்துவதே குரோமிய உப்பு. அந்த ஆய்வகத்தில் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்? அந்தக் கேள்விக்காக நான் ஆசையோடு காத்திருந்தேன். வலது கையில் ஐந்து விரலையும் விரித்தேன். இடது கையில் ஒரு விரல். ஐந்தும் ஒன்றும்.

நீ வாயைத் திறந்தாய். நான் உன் உதட்டைப் பார்த்தேன். ‘அஞ்சு’ என்றால் பல் தெரியும். ‘நாலு’ என்றால் முடியும்போது உதடு குவியும். உன் உதடு குவிந்தது. அதன் பிறகு வந்தது ‘ஒண்ணு’ இல்லை, ‘ரெண்டு’.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "சரிம்மா, சொல்லி அனுப்பறோம்" என்றார். அதை நீ மிக அழகாக எனக்குச் சைகை செய்தாய்.

என் விரல்கள் உனக்குத் தெரியாதவையா? அந்தச் சைகைகளை நாம் இருவரும் சேர்ந்துதானே உண்டாக்கினோம்? பிறகு ஏன் மாற்றிச் சொன்னாய்?

வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். வீடியோவில் என் கை உன்னைத் திட்டும், உன் கை உடனே சமாதானத்துக்கு வரும். தாளில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது.

வெண்ணிலா


அஸ்தினாபுரம், குரோம்பேட்டை
16 ஜூலை 2025

அன்புள்ள வெண்ணிலா,

உன் கடிதத்தை நூலகத்துக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். வீட்டில் படித்தால் உம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

மாற்றிச் சொன்னேன். அது உண்மை. ஆனால் நீ நினைப்பதுபோல் கவனக் குறைவால் இல்லை. மிகுந்த கவனத்தால்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். வேதியியல் என்றால் உன் விரல்கள் எனக்குக் கற்றுத் தந்த அளவுதான். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் படிப்படியாக இருக்கும், கீழ்ப்படி நிரம்பிய பிறகுதான் மேல்படி என்று நீ சொன்னாய். 4s என்பது ஒரே அறை, இரண்டு பேர் தங்கலாம், அது உன் இடது கை. அதற்கு அடுத்த படி 3d, ஐந்து அறைகள், அவை உன் வலது கையின் ஐந்து விரல்கள். ஓர் அறைக்கு ஒருவராகத்தான் முதலில் போவார்கள். ஐந்தும் ஆன பிறகே ஜோடி சேர்வார்கள். ஜோடி சேர்ந்தால் அந்த விரலை ஆட்டிக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். நீ மொட்டை மாடியில் நின்று விரல்களை ஆட்டியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ராஜாராமன் சார், "என்னம்மா, பரதநாட்டியமா?" என்று கேட்டார். ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. புத்தக அலமாரியில் எண் வரிசைப்படி புத்தகம் அடுக்குகிறவளுக்குப் பிடிக்காமல் போகுமா? ஸ்காண்டியத்துக்கு இடது கையில் இரண்டு, வலது கையில் ஒன்று. டைட்டானியத்துக்கு வலது கையில் இரண்டு. வனேடியத்துக்கு மூன்று. அடுத்து குரோமியம். நான்குதானே வரவேண்டும்? நீ ஐந்து காட்டினாய். இடது கையிலோ ஒன்றுதான்.

உன் கை நடுங்கிக்கொண்டிருந்ததை நீ கவனித்தாயா? பதற்றத்தில் ஒரு விரல் இடம் மாறிவிட்டது என்று நினைத்தேன். யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. நீ இந்த வேலைக்காக எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியும். ஒரு விரல் பிசகியதற்காக அது போய்விடக்கூடாது என்று பட்டது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன், வெண்ணிலா.

நான் நினைத்தது தவறா? வரிசைப்படி நான்குதானே? உண்மையாகவே கேட்கிறேன்.

உம்மா உன்னை ஏன் காணோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடல் சீற்றமாக இருக்கிறது, பஸ் இல்லை என்று ஏதோ சொன்னேன். கடலுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்.

மெஹ்னாஸ்


ரெட்டிக்குப்பம்
20 ஜூலை 2025

மெஹ்னாஸ்,

கேட்டதால் சொல்கிறேன். நீ கேட்டதற்கு நன்றி. இதுவரை யாரும் என்னிடம் வேதியியலில் சந்தேகம் கேட்டதில்லை. எல்லோரும் எனக்குப் புரிந்ததா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

குரோமியத்துக்கு இருபத்து நான்கு எலக்ட்ரான்கள். அவற்றில் பதினெட்டு உள்ளே அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிடு. மீதி ஆறு. வரிசைப்படி வைத்தால் 4s-இல் இரண்டு, 3d-இல் நான்கு. நீ சொன்னது அது. அந்தக் கணக்கில் 3d-யின் ஐந்தாவது அறை காலியாகக் கிடக்கும். இங்கே 4s-இல் இரண்டு பேர் ஒரே அறையில் முட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்த இரண்டு படிகளுக்கும் இடையில் உயர வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் ஒருவர் எழுந்து அந்தக் காலி அறைக்குப் போய்விடுகிறார். இப்போது பார். வலது கையில் ஐந்து, இடது கையில் ஒன்று. ஆறு பேர், ஆறு அறை, யாரும் யாரோடும் நெருக்கிக்கொண்டு இல்லை. எல்லோரும் ஒரே பக்கமாகச் சுழல்கிறார்கள். சரிபாதி நிரம்பிய d அதிக நிலைப்புத்தன்மை உடையது என்று பாடப் புத்தகம் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடும். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது டீச்சர் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். உதடு தெரியாது. போர்டில் 3d⁵ 4s¹ என்று இருந்தது. தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து விரல்களை வைத்துப் பார்த்தேன். ஆறும் தனித்தனியாக நின்றன. அப்போதுதான் எனக்கு வேதியியல் பிடித்தது.

அதாவது நீ செய்த அதே தவறை நானும் செய்தேன். அதற்காக எனக்குக் கோபம் இல்லை.

கோபம் வேறு இடத்தில். என் விரல் பிசகிவிட்டது என்று நீ நினைத்தாய். சரி. பிசகியே இருக்கட்டும். அது என் பிசகுதானே? காது கேட்கிற பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தப்பாகச் சொல்லியிருந்தால் அவள் வாயிலிருந்து வந்ததுதான் மேடத்தின் காதுக்குப் போயிருக்கும். எனக்கு மட்டும் ஏன் நடுவில் ஒரு நல்ல மனசு?

இந்த வேலை எனக்கு ஏன் வேண்டும் என்று உனக்குத் தெரியும். அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனால் மீன் வெட்டுவேன். வெட்டும்போது யாரும் என்னிடம் பேசவேண்டியதில்லை. எல்லாவற்றையும் அம்மா பேசிவிடுவார். நான் பேசியாகவேண்டிய ஓர் இடம் எனக்கு வேண்டும். அதற்குத்தான் இந்த ஆய்வகம்.

அவர்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. இன்னும் ஒருவரைப் பார்க்கிறார்களாம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இருக்கிறது. இல்லை என்பதற்கு எவ்வளவு மரியாதையான சொல்.

பரிதாம்மாவிடம் பொய் சொல்லாதே. பஸ் ஓடுகிறது.

வெண்ணிலா


அஸ்தினாபுரம்
28 ஜூலை 2025

அன்புள்ள வெண்ணிலா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் நான் என்னையே நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன்.

நூலகத்தில் பிளஸ் ஒன் வேதியியல் முதல் தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நீ சொன்ன வரி இருக்கிறது. அதற்கு மேல் என் அறிவுக்கு எட்டியவரை படித்தேன். என் மேஜையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தயாளன் சார், "என்னம்மா, இந்த வயசுல நீட் எக்ஸாமா?" என்றார்.

ஆனால் எனக்கு உறைத்தது புத்தகத்தில் இல்லை. நேற்று பல்லாவரம் மார்க்கெட்டில்.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் விரல் ஐந்து காட்டியதை, என் வாய் நான்கு சொன்னதை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எனக்கும் இப்படித்தான் செய்வாயா?"

காது கேட்காத உம்மாவுக்காக நான் பேச ஆரம்பித்தபோது எனக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. ரேஷன் கடையில் உம்மா, "எடையில் ஏமாற்றுகிறான், கண்ணில் மண்ணைத் தூவுகிறான்" என்று சைகை செய்வார். நான், "அண்ணா, இன்னொரு தடவை நிறுத்துக் காட்டுவீங்களா?" என்பேன். யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. எல்லோரும், "எவ்ளோ பொறுப்பான பொண்ணு" என்றார்கள். உம்மாவும் சிரித்துக்கொண்டே நிற்பார், தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு.

நேற்று உன் அம்மாவின் கூடை முன்னால் நின்றோம். உம்மா சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் கண்ணை நேராகப் பார்த்து, "அப்படியே சொல்" என்றார். பிறகு சைகை செய்தார். நான் அப்படியே சொன்னேன்.

"இது நேத்து மீனு. இதோட கண்ணப் பாத்தா செத்துப்போன என் மாமியாரு மொறைக்கிற மாதிரி இருக்கு. இதுக்கு இந்த வெலையா? வெக்கமா இல்ல உனக்கு?"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. உன் அம்மா கத்தியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அப்பாடா! இன்னிக்காச்சும் வாயத் தொறந்தியே பாப்பா" என்றார் உன் அம்மா. "பாய்வூட்டம்மா கை இன்னா சொல்து, உன் வாய் இன்னா சொல்துன்னு எத்தினி வருசமா பாத்துகினு கீறேன். என் வூட்லயும் ஒண்ணு கீதுல்ல, கையாலயே என்னைக் கிழிக்கறதுக்கு! எனக்குத் தெரியாதா அந்தக் கை?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஏன் சொல்லல?"

"நீ நல்ல புள்ளயா கீணும்னு பாக்கறே. அத நான் எதுக்குக் கெடுக்கணும்? ஆனா ஒண்ணு. உங்கம்மா திட்டினதுக்கு நான் இத்தினி நாளா பதிலே சொல்ல முடில பாரு. அதான் எனக்குப் பேஜாரா இருந்துச்சு. இப்போ சொல்லு உங்கம்மாக்கு: இந்த மீனு வெடிகாலைல வலைல துள்ளிகினு இருந்துச்சு. மாமியாருகிட்ட மொறைப்பு வாங்கினது போதும், மீன்கிட்டயும் வாங்காதன்னு சொல்லு."

சொன்னேன். உம்மா மீனின் கண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சத்தமே வந்துவிட்டது. உம்மாவின் சத்தம் எப்படி இருக்கும் என்று நீ கேட்டதில்லை. கதவு கிறீச்சிடுவதுபோல் இருக்கும். வெளியில் அதை வரவிடமாட்டார். நேற்று விட்டார். அப்புறம் இரண்டு பேரும் என்னை ஒதுக்கிவிட்டு நேராகவே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள், உன் அம்மா தன் வீட்டுச் சைகையில், என் உம்மா தன் சைகையில். விலை ஒரு பைசாவும் குறையவில்லை. உம்மா அவ்வளவு சந்தோஷமாக மீன் வாங்கி நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது உன் அம்மா என்னைப் பிடித்து, "இன்னா சண்ட உங்களுக்குள்ள? அது மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு கீது. கேட்டா கையக் கட்டிகினு ஒக்காருது" என்றார். நீ கையைக் கட்டிக்கொள்வது என்றால் காது கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காந்திமதி மேடத்தைப் போய்ப் பார்த்து, மாற்றிச் சொன்னது நான்தான் என்று சொல்லவேண்டும்போல் இருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து நாகல்கேணி எவ்வளவு தூரம்? வேலைக்குப் போகும் வழியில் இறங்கிவிடலாம். நேற்று மாலை செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு கழற்றினேன். உன்னைக் கேட்காமல் போனால் அதுவும் உன் ஐந்தை நான்காகச் சொல்வதுதான் என்று தோன்றியது.

அதனால் கேட்கிறேன். போகட்டுமா?

மெஹ்னாஸ்


ரெட்டிக்குப்பம்
1 ஆகஸ்ட் 2025

மெஹ்னாஸ்,

போகாதே. கேட்டதற்கு நன்றி. செருப்பைக் கழற்றியதற்கு அதைவிட நன்றி.

மேடத்துக்கு நானே எழுதிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே. ‘அன்று நான் கையால் சொன்ன விடை 3d⁵ 4s¹. அது உங்களை அடையும்போது மாறியிருந்தது’ என்று எழுதி, என் இரண்டு கைகளையும் படம் வரைந்து இணைத்தேன். யார் மாற்றியது என்று எழுதவில்லை. அது அவருக்குத் தேவையில்லை.

இன்று பதில் வந்தது. இன்னொருவரை எடுத்துவிடத்தான் நினைத்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வரச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், கேள்வியும் பதிலும் தாளிலேயே எழுதிக்கொள்ளலாம் என்கிறார். நல்லவர்.

வேண்டாம் என்று எழுதினேன். தாளில் எனக்குத் தமிழ் வரும், விடையும் வரும். ஆனால் யோசனை கையில்தான் வரும். கையில் யோசிப்பதை அவர் பார்க்கவேண்டும். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கப்போகிறவர்கள் அதைத்தானே தினமும் பார்க்கப்போகிறார்கள்? அதனால் மொழிபெயர்ப்பாளரோடு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். இந்தத் தடவை கைதவறினால் மூன்றாவது தடவை இல்லை. அதையும் அவர் எழுதியிருக்கிறார்.

பல்லாவரத்தில் ஜெரூஷா என்று ஒரு பெண் இருக்கிறாள். நன்றாக மொழிபெயர்ப்பாள் என்கிறார்கள். அவளைக் கூப்பிடலாமா என்று முழுதாக ஒருநாள் யோசித்தேன். மறைக்க மாட்டேன்.

நீ வா. ஒரே ஒரு நிபந்தனை. நான் தப்பாகச் சொன்னால், தப்பாகவே சொல்.

முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். ஜெரூஷாவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அம்மா மார்க்கெட் கதையை எனக்கு நடித்துக் காட்டினார். மூன்று வேஷமும் அவரே. உன் வேஷத்துக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெண்ணிலா


அஸ்தினாபுரம்
4 ஆகஸ்ட் 2025

வெண்ணிலா,

வருகிறேன்.

பயமாக இருக்கிறது. பழகிய வாய் இது. நான் நினைப்பதற்கு முன்பே திருத்திவிடும். ஆனாலும் வருகிறேன். ஜெரூஷாவைக் கூப்பிடாததற்கு நன்றி என்று எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். எழுதிவிட்டேன்.

மெஹ்னாஸ்


ரெட்டிக்குப்பம்
14 ஆகஸ்ட் 2025

மெஹ்னாஸ்,

வேலை கிடைத்துவிட்டது! மதியம் மெயில் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்கிறார்கள். அம்மா குன்றத்தூர் முருகனுக்கு வேண்டியிருந்தாராம், எனக்கே தெரியாது. மலையேறவேண்டும். நீயும் பரிதாம்மாவும் அடிவாரம்வரை வருவீர்களா? உட்கார்ந்திருந்தால் போதும். இறங்கி வந்து சேர்ந்து சாப்பிடலாம்.

உனக்கு முதலில் வீடியோவில் சொல்லியிருக்கலாம். அழுதுவிடுவேன். கண் மறைத்தால் உன் கை தெரியாது. அதனால் இதுவும் தாளில்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த அறையில் நீ பேசியது எதையும் நான் பார்க்கவில்லை. கேள்விகளை உன் கையில் வாங்கிக்கொண்டேன். என் பதிலை நீ சொல்லும்போது வேண்டுமென்றேதான் உன் பக்கம் திரும்பவில்லை. மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைச் சோதித்துக்கொண்டிருந்தால் நீ எனக்காகப் பேசுகிறாய் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இப்போது தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நான் ஓரிடத்தில் தப்பாகச் சொன்னேன். மேடம் உடனே திருத்தவில்லை, இன்னொரு கேள்வி கேட்டார். என் படத்தைப் பார்த்துவிட்டதால் அவருக்கே இப்போது விரல் கணக்குத் தெரியும். அவர் என் கையைப் பார்த்துக் கேட்டாரா, உன் குரலைக் கேட்டுக் கேட்டாரா? கடைசியில் அவர் ஏன் அப்படிக் குலுங்கிச் சிரித்தார்?

நான் அந்த அறையில் எப்படி ஒலித்தேன்? ஒன்றையும் திருத்தாமல் எழுது.

வெண்ணிலா


அஸ்தினாபுரம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வெண்ணிலா,

அடிவாரத்தில் உட்காருவதாவது! மலையேறத் தயார் என்கிறார் உம்மா. படி வரைக்கும் வந்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். பிரியாணி நாங்கள் கொண்டுவருவதாக இருந்தோம். மலைக்குப் போகிற நாளில் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள் என்று உம்மாவே சொல்லிவிட்டு, இப்போது எலுமிச்சை சாதத்துக்கு யாரிடம் பக்குவம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நீ எப்படி ஒலித்தாய் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

முதல் கேள்விகளெல்லாம் உனக்குத் தெரியும். குரோமியத்தை மறுபடியும் கேட்டார். "த்ரீ டி-ல அஞ்சு, ஃபோர் எஸ்-ல ஒண்ணு" என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாகவே சத்தமாக இருந்தது. வெளியில் பியூரெட் குழாய் கழுவிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

பிறகு மேடம், "சரி, தோலுக்குள்ள இருக்கறது மூணு எலக்ட்ரானை இழந்த குரோமியம். அதுல இப்ப எங்க எவ்வளவு மிச்சம் இருக்கும்?" என்று கேட்டார்.

நீ வலது கையில் மூன்று விரல்களை மடக்கினாய். இரண்டு நின்றன. இடது கையில் அந்த ஒன்று அப்படியே நின்றது.

வெண்ணிலா, எனக்கு அது தப்பு என்று தெரியும். உனக்கு நான் எழுதவில்லை, ஆனால் அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம் அதுதான். நிரம்பும்போது 4s முதலில் நிரம்புகிறது. இழக்கும்போதும் அதுவே முதலில் போகிறது. கடைசியாக வந்தது முதலில் போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எது வெளியே நிற்கிறதோ அது போகும். அன்று உன் கை நடுங்கவில்லை. விரல் பிசகவும் இல்லை. நீ உறுதியாக, தெளிவாக, தப்பாகச் சொன்னாய்.

விடை என் நாக்கு நுனியில் இருந்தது. முதல் தடவை எனக்குத் தெரியாமல் திருத்தினேன். இந்தத் தடவை தெரிந்திருந்தது. இடது விரலை மடக்கு, வலது கையில் மூன்றை வை, ஒரே ஒரு சொல். உன் வேலை. மூன்றாவது தடவை இல்லை என்று அவர் எழுதியிருந்தார். நீ என்னைப் பார்க்கவும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் உனக்குத் தெரியப்போவதில்லை.

"த்ரீ டி-ல ரெண்டு, ஃபோர் எஸ்-ல ஒண்ணு" என்றேன்.

மேடம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உன் கையை அவர் பார்க்கவில்லை. என் குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தார். "அப்படியா?" என்றார். அந்த ‘அப்படியா’வையும் உனக்குச் சைகை செய்தேன், அதே புருவத்தோடு.

"யோசிச்சுப் பாரும்மா. உங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ஏகப்பட்ட வண்டி நிக்குது. கடைசியா வந்த வண்டியத்தான் முதல்ல வெளிய எடுக்க முடியுமா, இல்ல கேட் பக்கத்துல நிக்கறதையா?"

நான் அதைக் கையில் சொன்னேன். நீ, "எங்களுக்கு அபார்ட்மெண்ட் கிடையாது. எங்களுக்குப் படகு" என்றாய். அதையும் சொன்னேன். "எங்களுக்கு அபார்ட்மெண்ட் எல்லாம் இல்ல மேடம், போட்டுதான்." மேடம், "சரி, கரைல போட்டு நிக்குது. எது மொதல்ல தண்ணில எறங்கும்?" என்றார்.

அப்போது நீ உன் இரண்டு கைகளையும் பார்த்தாய். நான் என் வாழ்நாளில் பார்த்த மிக நீளமான மௌனம் அது. அந்த மௌனத்தையும் நான் மொழிபெயர்த்தேன், வாயைத் திறக்காமல். பிறகு உன் இடது விரல் மெதுவாக மடங்கியது. வலது கையில் மூன்றாவது விரல் எழுந்தது.

"இல்ல மேடம். ஃபோர் எஸ்-ல ஒண்ணும் இல்ல. த்ரீ டி-ல மூணு. வெளிய நின்னதுதான் மொதல்ல போச்சு. நான் தப்பா சொல்லிட்டேன்."

‘நான் தப்பா சொல்லிட்டேன்’ என்று என் வாயால் சொன்னேன். எனக்குச் சொந்தமில்லாத ஒரு வாக்கியம் என் தொண்டையில் அவ்வளவு இலேசாக இருந்ததே இல்லை.

மேடம் பேனாவை மூடவில்லை. என்னைப் பார்த்து, தணிந்த குரலில், நமக்குள் இருக்கட்டும் என்பதுபோல், "உண்மையச் சொல்லுங்க. நீங்க ஏதாவது கைல சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அதற்கு நானே பதில் சொல்லியிருக்கலாம். சத்தியம்கூடச் செய்திருப்பேன். ஆனால் அந்த அறையில் சொல்லப்படுவது எதுவும் உனக்கு வராமல் போகக்கூடாது. அப்படியே உன் பக்கம் திரும்பிச் சைகை செய்தேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன் கை பறந்தது. நீ சொன்னதை, முகத்தைக்கூட மாற்றாமல், காந்திமதி மேடத்திடம் நான் சொன்னேன்:

"இவளா? இவளுக்குக் கெமிஸ்ட்ரியே தெரியாது மேடம். இவ சொல்லிக் குடுத்திருந்தா நான் ஃபெயில்தான்."

அவர் குலுங்கிச் சிரித்தது அதற்குத்தான். "உங்களப் பத்தி சொன்னதையும் அப்படியே சொல்லிட்டீங்களே!" என்றார். நான், "ஆமா மேடம், அவங்க அப்படித்தான் சொன்னாங்க" என்றேன். அந்த அறையில் எனக்காக நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் உன்னைப் பார்த்து, "தப்ப ஒத்துக்கற ஆளு எனக்கு லேபுக்கு வேணும்" என்றார். அதை நான் உனக்குச் சொன்னபோது உன் கண் எங்கேயோ இருந்தது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நீ எப்படி ஒலித்தாய் என்றால், வெண்ணிலா, முதலில் தப்பாக, பிறகு சரியாக, கடைசியில் கொஞ்சம் திமிராக. எல்லாமே நீதான். நான் ஒன்றையும் தொடவில்லை.

மெஹ்னாஸ்